ராஜபாளையம் குட்டியை யாரிடமும் பழகவிடக் கூடாதா?

கேள்வி: ஒரு மாதத்துக்கு முன்பு எங்கள் வீட்டுக்கு ராஜபாளையம் ஆண் குட்டி வந்தது. வாங்கும்போது வயது 40 நாள்; இப்போது 70. பெயர் வீரா. திருச்சியில் முதல் மாடி வீடு. நான், கணவர், ஒன்பது வயது மகன், மாமனார், மாமியார் என ஐந்து பேர். 45ஆம் நாளில் ஒரு தடுப்பூசி போட்டோம். எல்லா ஊசியும் முடியும்வரை வெளியே கொண்டுபோகக் கூடாது என்றார் மருத்துவர். மாமனாரோ, "இந்த ஜாதி நாயை வெளியாட்கள் தொடவே கூடாது, பழக்கிவிட்டால் காவல் காக்காது" என்கிறார். அதனால் யார் வந்தாலும் வீராவைப் பின்பக்கப் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறோம். இரவிலும் அங்கேதான், விடிய விடிய அழுகிறான். வீடெங்கும் சிறுநீர் போகிறான். செய்தித்தாளைச் சுருட்டி அடித்தும் திருந்தவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, சரியான திமிர். மாமியார் பால்சோறும் தயிர்சோறும் தருகிறார். கால்சியம் டானிக்கும் கொடுக்கிறோம். ஓடும் கால்களையெல்லாம் கவ்வுகிறான். போன வாரம் மகனின் கணுக்காலில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்தோம், ஆறிவிட்டது. இவனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, மகனின் கணுக்கால், அதை முதலில் பார்ப்போம். மற்றதெல்லாம் நாளைக்குப் படித்தாலும் போதும்.

வீராவுக்கு 45ஆம் நாளில் போட்ட ஊசி பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கானது. அதில் ரேபிஸ் தடுப்பு கிடையாது. குட்டிகளுக்கு அந்த ஊசியை மூன்று மாத வயதில்தான் போடுவோம். "வெளியே போகாத குட்டிக்கு ரேபிஸ் எங்கிருந்து வரும்?" என்று வீட்டில் கேட்பார்கள். முதல் 40 நாள் அவன் எந்த நாய்களோடு இருந்தான், தாய்க்கு ஊசி போட்டிருந்தார்களா, கொட்டகைக்குள் தெருநாய் எதுவும் நுழைந்ததா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. இந்த நோய் உடலில் புகுந்து வெளிப்படுவதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். வீராவுக்கு அது இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற வழியில்லாத நோய் இது. அதில் குறைந்த வாய்ப்பை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. இன்றே மகனை அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். ஊசி அங்கே இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று போடுவார்கள். ரத்தம் வந்த காயம் என்பதைச் சொல்லுங்கள். காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப்பொருள்) தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஒரு வாரம் ஆகிவிட்டதே, இனி எதற்கு என்று தயங்க வேண்டாம். இனிமேல் பல் பட்டாலும் நகம் பட்டாலும் மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளமானது.

இனி வீராவிடம் வருகிறேன்.

உங்கள் மாமனார் சொல்வதைத் தென்மாவட்டங்களில் பலரும் சொல்வார்கள். அது முழுக்க ஆதாரமற்ற பேச்சும் அல்ல. ராஜபாளையம் நாய் தன் வீட்டாரோடு ஒட்டிக்கொண்டு, அந்நியரிடம் விலகியே நிற்கும் இனம்தான். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றில் இதுவும் ஒன்று. அந்த விலகல் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. பால்கனியில் அடைத்துவைத்து அதை ஊட்ட வேண்டியதில்லை. ஒன்று, ஒன்றரை வயதில், குட்டித்தனம் போனபிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே கதவுப் பக்கம் காதை வைக்கத் தொடங்கிவிடுவான்.

அடைத்துவைப்பதால் வருவது பயம். பயந்த நாயும் குரைக்கும், பல்லைக் காட்டும், கடிக்கும். பார்ப்பவர்களுக்கு அது காவல் போலவே தெரியும். வேறுபாடு எங்கே தெரியும் என்றால், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரையும் சுவரேறிக் குதிப்பவரையும் அது ஒரே மாதிரி நடத்துவதில்தான். மகனின் பள்ளி நண்பன் பந்தை எடுக்க ஓடிவந்தால் அவனையும் கடிக்கும். காவல் நாய்க்கு எது வழக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். வழக்கம் தெரிந்தால்தான் வழக்கத்துக்கு மாறானது எது என்று அதற்குப் புரியும். நூறு மனிதர்களைப் பார்த்துப் பழகிய நாய், நூற்றோராவது மனிதனின் நடையில் இருக்கும் கோணலைக் கண்டுபிடிக்கும். யாரையுமே பார்த்திராத நாய்க்கு எல்லாரும் திருடர்களே.

இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. நாய்க்குட்டியின் மூளை, "இதெல்லாம் உலகில் சாதாரணம்" என்று எளிதாக ஏற்றுக்கொள்ளும் பருவம் மூன்றாம் வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய 14ஆம் வாரத்தில் முடிகிறது. அதன் பிறகு புதியதைக் கண்டால் முதலில் வருவது சந்தேகம். வீராவுக்கு இப்போது பத்து வாரம். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அவ்வளவுதான். கடைசித் தடுப்பூசி முடிவதோ 16ஆம் வாரத்தில். மருத்துவர் சொன்னபடி அதுவரை வெளியே காட்டாமலே வைத்திருந்தால், ஊசி முடிவதற்குள் பருவமும் முடிந்துவிடும்.

மருத்துவர் சொன்னது தவறு என்று சொல்லவில்லை. பார்வோ வைரஸ் நம் ஊரில் குட்டிகளைக் கொத்தாகக் கொண்டுபோகிறது. நோயுற்ற நாயின் மலம் பட்ட மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் அதை ஒன்றும் செய்வதில்லை. நீர்த்த பிளீச் கரைசல்தான் கொல்லும். தாய்ப்பால் வழியாகக் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. எந்த வாரத்தில் அது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் மூன்று, நான்கு வார இடைவெளியில் 16ஆம் வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஒரு ஊசி போட்டாயிற்று என்பதைப் பாதுகாப்பாக எண்ண முடியாது. முதல் தவணை ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதுமே குட்டியை வெளியுலகுக்குப் பழக்கத் தொடங்கலாம் என்று அமெரிக்காவின் கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. ஊசி போடாத நாய்கள் முச்சந்திக்கு நான்கு படுத்திருக்கும் நம் தெருக்களில் அதை அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் அதன் கருத்தை எடுத்துக்கொள்ளலாம்: கால் தரையில் படக்கூடாதே தவிர, கண்ணும் காதும் மூக்கும் வெளியே போகலாம்.

வீராவைத் தூக்கிக்கொண்டு போங்கள். பத்து வாரக் குட்டியைத் தூக்குவதில் சிரமம் இருக்காது. இன்னும் ஒரு மாதம் போனால் உங்களால் முடியாது. மாலையில் கடைத்தெரு ஓரம் பத்து நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஸ்கூட்டரின் முன்பக்கம் வேண்டாம், ஆட்டோவில் போகலாம். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றிய பெரியவர், சீருடை போட்ட அஞ்சல்காரர், தாடி வைத்தவர், முக்காடு போட்டவர், கத்திக்கொண்டு ஓடும் பிள்ளைகள் என்று எல்லாரையும் அவன் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வருபவர்களிடம் நாலு உணவு மணிகளைக் கொடுத்து, தரையில் உட்கார்ந்து, கையை நீட்டாமல், அவன் தானாக வந்து எடுத்துக்கொள்ளும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். பிடித்து அவர்கள் மடியில் திணிக்காதீர்கள். வாலை ஒடுக்குவது, காதைப் பின்னால் மடிப்பது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, ஒன்றும் இல்லாதபோது உதட்டை நக்குவது, தீனியை மறுப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும், "போதும், தூரம் போ" என்று அவன் சொல்வதாக எடுத்துக்கொண்டு பின்வாங்குங்கள்.

குக்கர் விசில், மிக்சி, குடம் கீழே விழும் ஓசை இவற்றுக்கெல்லாம் இதே முறைதான். முதலில் தூரத்தில், தீனியோடு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில். வெடிச் சத்தத்தைக் கைப்பேசியில் மிகக் குறைந்த ஒலியில் சாப்பாட்டு நேரத்தில் ஓடவிடுங்கள். அவன் தலை நிமிராமல் தின்னும் அளவுதான் சரியான அளவு. தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில் நடுங்கும் நாய்களுக்கு மருந்து கேட்டு வருகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பெரும்பாலும் குட்டிப் பருவத்தில் இதைச் செய்யாதவர்கள்.

தெருநாய்கள் புழங்கும் மண், பூங்கா, வளர்ப்புப் பிராணிக் கடையின் தரை, எங்கள் மருத்துவமனையின் தரை ஆகிய இடங்களில் மட்டும் இறக்கிவிடாதீர்கள். நோயுற்ற குட்டிகள் வருகிற இடம் என்பதால் மருத்துவமனையைத் தனியாகச் சொல்கிறேன். ஊசி முழுதும் போட்ட, குணமான நாய் இருக்கும் உறவினர் வீடு இருந்தால் அங்கே விளையாடவிடலாம். மொட்டை மாடி நல்ல இடம்தான், காலை எட்டு மணிக்கு முன்பும் மாலையிலும். திருச்சி வெயிலில் மதியத் தளம் பாதத்தைப் பொசுக்கிவிடும். வெள்ளை முடியும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள இந்த இனத்துக்கு வெயில் தோலையும் சுடும்.

அடுத்தது, கூப்பிட்டால் திரும்பாத "திமிர்". இதைப் படித்ததும் எனக்குக் கவலையாக இருந்தது.

வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு. உள்காதில் இருக்க வேண்டிய நிறமிச் செல்கள் இல்லாமல் போவதால், பிறந்த முதல் சில வாரங்களிலேயே கேட்கும் உறுப்பு அழிந்துவிடுகிறது. இரண்டு காதும் கேட்காத குட்டிகள் உண்டு. ஒரு காது மட்டும் கேட்பவையும் உண்டு. கூட்டத்தோடு இருக்கும்போது மற்றக் குட்டிகள் எழுந்தால் இதுவும் எழும், அவை ஓடினால் இதுவும் ஓடும். விற்பவருக்கே தெரியாமல் போகலாம். வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். அவன் நன்றாகத் தூங்கும்போது, அவனால் பார்க்க முடியாத பக்கமாக, சற்றுத் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். பிறகு வேறொரு நேரத்தில் விசில், இன்னொரு நேரத்தில் தீனிப் பொட்டலத்தைக் கசக்கும் ஒலி. காலைத் தரையில் உதைக்கக் கூடாது. கையைத் தட்டினால் காற்று படும். அதிர்வும் காற்றும் செவிட்டு நாயையும் எழுப்பிவிடும், நாம் ஏமாந்துவிடுவோம். காது அசைகிறதா, கண் திறக்கிறதா என்று பாருங்கள். சத்தம் கேட்டு எழுந்து, எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவறான திசையில் தேடினால் ஒரு காதைச் சந்தேகிக்கலாம். உறுதியாகச் சொல்ல, ஒலிக்கு மூளை காட்டும் மின்அலைகளைப் பதிவு செய்யும் சோதனைதான் வேண்டும். சந்தேகம் இருந்தால் உங்கள் மருத்துவர் எங்கே செய்யலாம் என்று வழிகாட்டுவார். உங்களுக்குப் பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம்.

செவிடு என்றே தெரிந்தாலும் பதற வேண்டாம். நாய்கள் நம் கையையும் முகத்தையும் படிப்பதில் கெட்டிக்காரர்கள். கை அசைவுகளால் உட்கார், வா, இரு எல்லாம் கற்றுக்கொள்ளும். திடீரென்று தொட்டு எழுப்பாமல் இருப்பது, கயிறில்லாமல் தெருவில் ஒருநாளும் விடாமல் இருப்பது, அவனை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தாமல் இருப்பது ஆகிய மூன்றையும் மட்டும் குடும்பமே உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

காது நன்றாகக் கேட்கிறது என்றால், காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "வீரா!" என்ற சொல்லை இந்த ஒரு மாதத்தில் அவன் எப்போதெல்லாம் கேட்டிருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். சிறுநீர் போனால் "வீரா!", காலைக் கவ்வினால் "வீரா!", பிறகு சுருட்டிய செய்தித்தாள். அந்தப் பெயர் கேட்டால் திரும்பாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். நாளையிலிருந்து அவன் பெயரைச் சொல்லித் திட்டுவதற்கு வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை. பெயரைச் சொல்லுங்கள், அவன் பார்த்த கணமே ஒரு துண்டு தீனி கொடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று நான்கு தடவை. ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். வந்த பிறகு ஒருபோதும் பிடித்துக் கட்டாதீர்கள், அடிக்காதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். அந்த வேலைகளுக்கு நீங்கள்தான் அவனிடம் போக வேண்டும்.

செய்தித்தாள் இனிமேல் படிப்பதற்கு மட்டும். பத்து வாரக் குட்டியால் சிறுநீரை அதிக நேரம் அடக்க முடியாது. பகலில் இரண்டு மணி நேரம் தாங்கினாலே பெரிது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாட்டின் நடுவில் திடீரென்று தரையை முகர்ந்து சுற்றும்போதும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மாடி வீடு என்பதால் பால்கனியின் ஒரு மூலையில் அகலமான தட்டு வைத்து, மண்ணோ புல்தரை விரிப்போ போட்டு அதையே அவனுடைய இடமாக்குங்கள். புல்லில் பழகினால் பிறகு தெருவிலும் புல்லைத் தேடுவான். டைல்ஸில் பழகினால் கூடத்துக்கும் கழிப்பிடத்துக்கும் வேறுபாடு தெரியாது. போய் முடித்த அந்த நொடியில் பாராட்டும் தீனியும். உள்ளே வந்தபிறகு கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குப் பரிசு என்று நினைத்துக்கொள்வான். கூடத்தில் குளம் கட்டியிருப்பதைப் பிறகு கண்டால் பேசாமல் துடையுங்கள். அவன் முகத்தைக் கொண்டுபோய் அதில் தேய்ப்பதை அறவே விடுங்கள். "தப்பு செய்தது அவனுக்கே தெரியும், முகத்தைப் பாருங்கள்" என்பார்கள். அந்த முகம் உங்கள் கோபத்தைக் கண்ட பயம், பத்து நிமிடத்துக்கு முன்பு செய்ததற்கான வருத்தம் அன்று. பினாயிலின் மணம் நமக்குச் சுத்தமாகத் தோன்றும். அதனடியில் சிறுநீர் வாடை அவன் மூக்குக்கு அப்படியே இருக்கும். பாதத்தில் ஒட்டிய பினாயிலை நக்குவதும் நல்லதன்று. நொதி கலந்த சிறுநீர் நீக்கி கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் தண்ணீர் கலந்த வினிகர். மாமனார் அருகில் வந்து குனிந்தாலே சொட்டுச் சொட்டாகப் போகிறான் என்றால் அது வேறு விஷயம், பணிவும் பயமும் கலந்தது. குனியாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து கூப்பிட்டாலே சில வாரங்களில் நின்றுவிடும்.

இரவு அழுகைக்கு வருகிறேன். ஏழெட்டு உடன்பிறப்புகளின் சூட்டில் தூங்கிய குட்டியை 40ஆம் நாளில் எடுத்து இருட்டுப் பால்கனியில் விட்டால் அழத்தான் செய்யும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன; கேட்பவர் இல்லை. தாயிடமும் கூடப்பிறந்தவையிடமும் இருக்க வேண்டிய அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான், பலமாகக் கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்பதைக் குட்டி கற்கிறது. வீராவுக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. அதை இப்போது நீங்கள் நடத்தப் போகிறீர்கள்.

இன்றிரவே ஓர் அட்டைப்பெட்டியிலோ கூண்டிலோ பழைய புடவையை மெத்தென்று மடித்துப் போட்டு, உங்கள் கட்டிலருகில் வைத்துக்கொள்ளுங்கள். அழுதால் கையைத் தொங்கவிட்டால் போதும். நடு இரவில் ஒருமுறை விளையாட்டுப் பேச்சில்லாமல் தூக்கிப்போய்ச் சிறுநீர் கழிக்கவிடுங்கள். பழகியபிறகு பெட்டியை ஒவ்வோர் அடியாக நீங்கள் விரும்பும் இடத்துக்கு நகர்த்தலாம். அதே சமயம் பகலில் சில நிமிடங்கள் அவனைத் தனியாக விட்டுப் பழக்குங்கள். எந்நேரமும் யாராவது மடியில் வைத்திருக்கும் குட்டி, வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகும் நாளில் கதவைக் கிழித்துவிடும்.

கவ்வுவதற்கு: அவன் வாயில் 28 பால்பற்கள், ஒவ்வொன்றும் ஊசி. நான்காம் மாதம் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும்; அதுவரை ஈறு குறுகுறுக்கும். குளிரவைத்த கேரட், நனைத்து உறையவைத்த துணிமுடிச்சு, கெட்டியான ரப்பர் பொம்மை ஆகியவற்றைச் சுழற்சியாகக் கொடுங்கள். பழைய செருப்பைக் கொடுக்காதீர்கள். பழையது எது, மகன் பள்ளிக்குப் போட்டுச்செல்வது எது என்று அவனுக்குத் தெரியாது. தோலில் பல் பட்டால் விளையாட்டு அந்த நொடியே நிற்க வேண்டும். கத்தாமல் எழுந்து, அரை நிமிடம் முதுகைக் காட்டி நில்லுங்கள். மகனிடம், ஓடாதே, கையை மடக்கிக்கொண்டு அசையாமல் நில் என்று சொல்லிக்கொடுங்கள். ஓடும் காலைத் துரத்துவது இந்த இனத்தின் பிறவிக்குணம். மல்யுத்த விளையாட்டு வேண்டாம். மாலை ஏழு மணிக்கு மேல் பேய் பிடித்ததுபோல் கடிக்கிறானா? பெரும்பாலும் அது தூக்கம் போதாத குட்டி. நாளில் 18 மணி நேரமாவது தூங்க வேண்டிய வயது. உங்கள் வீட்டில் ஐந்து பேரும் மாறி மாறி எழுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

சாப்பாட்டில் மாமியாரை நான் குறை சொல்லப் போவதில்லை. பிள்ளைக்கு ஊட்டுவதுபோலத்தான் ஊட்டுகிறார். ஆனால் பால்சோறு வேகமாக வளரும் பெரிய இன நாய்க்குப் போதாது. புரதம் குறைவு, பால் மிகுந்தால் வயிற்றுப்போக்கு. இப்படி வளரும் குட்டிகள் நான்கு மாதத்தில் முன்கால் வளைந்து வருகின்றன. உங்கள் சமையலறைக்குள் இறைச்சி நுழையாது என்று ஊகிக்கிறேன். அதை மாற்றச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை, தேவையும் இல்லை. பெரிய இனக் குட்டிகளுக்கென்று விற்கும் உலர் தீனியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். சமையலறைக்கே கொண்டுபோக வேண்டாம். ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். மூன்று மாதம்வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம்வரை மூன்று, பிறகு இரண்டு. முட்டைக்கு இடம் இருந்தால் வேகவைத்து மேலதிகமாகத் தரலாம்; மாமியாரின் கையால் ஒரு கரண்டி தயிர், அது அவர்கள் இருவருக்குமான உறவு, தொடரட்டும். முழுமையான குட்டித் தீனிக்கு மாறியதும் கால்சியம் டானிக்கை நிறுத்திவிடுங்கள். பெரிய இனக் குட்டிக்கு மிகுதியான கால்சியமும் எலும்பைக் கெடுக்கும்.

விழாக்காலத்தில் பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வெங்காயமும் பூண்டும் கலந்த குழம்பு, சாக்லேட், சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய்கள், வெளியிலிருந்து யாராவது அன்போடு கொண்டுவரும் வேகவைத்த கோழி எலும்பு எதுவும் கூடாது. வீட்டுக்கு வரும் உறவினர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.

உட்கார், இரு, வா போன்றவற்றை இப்போதே தொடங்கலாம். ஒரு தடவைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தீனியை மூக்கின் மேலாகப் பின்னுக்கு நகர்த்தினால் பின்பாகம் தானாகத் தரையில் அமரும். அமர்ந்ததும் சொல், பிறகு தீனி. ஐந்து பேரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். கணவர் "சிட்" என்பார், மகன் "சிட் டவுன்" என்பான், மாமனார் "உட்கார்றா" என்பார், குட்டி மூவரையும் மாறி மாறிப் பார்க்கும். தமிழ் வீட்டு நாய்களுக்கு மட்டும் ஏன் ஆங்கிலம் என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன், ஒருவரும் பதில் சொன்னதில்லை. தினமும் காதைத் தூக்கிப் பார்ப்பது, வாயைத் திறந்து பார்ப்பது, விரலிடுக்கைத் தடவுவது எல்லாவற்றையும் தீனியோடு பழக்குங்கள். உண்ணி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். உண்ணிப் பவுடர் தூவாதீர்கள், நக்கிவிடுவான். எடைக்கேற்ற மருந்தை மருத்துவர் தருவார். ரத்தம் குடித்துக் கீழே விழும் உண்ணி சுவர் வெடிப்பில்தான் முட்டையிடும் என்பதால் பால்கனிச் சுவரையும் பாருங்கள்.

கழுத்துப்பட்டையை இப்போதே போட்டு வீட்டுக்குள்ளேயே கயிற்றோடு நடந்து பழகட்டும். சங்கிலியில் நாள் முழுதும் கட்டிவைப்பதற்கு மாமனார் யோசனை சொன்னால், கட்டிக்கிடக்கும் நாய் சங்கிலியின் வட்டத்தைத்தான் காக்கும், வீட்டை அன்று என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவரையே தினமும் மாலையில் குட்டியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகச் சொன்னால் இன்னும் நல்லது. இந்த இனத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கெல்லாம் அவர் சொல்வதற்கு நிறைய இருக்கும். கேட்கிறவர்களை வீரா பார்த்துக்கொண்டிருப்பான்.

இரண்டாம் தவணை ஊசிக்கு நேரம் வந்துவிட்டது, இந்த வாரமே போங்கள். அதற்குள் வாந்தியோ, ரத்தமும் நாற்றமும் கலந்த கழிச்சலோ, தீனியைப் பார்த்தும் எழாத சோர்வோ தெரிந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பார்வோவில் சில மணி நேரமே உயிரைத் தீர்மானிக்கும். ரேபிஸ் ஊசிக்கு மூன்று மாதம் நிறையும் நாளைக் குறித்துவையுங்கள். குடற்புழு மருந்து கொடுத்ததாக நீங்கள் எழுதவே இல்லை. நாடாப்புழுவை விடுங்கள், உருண்டைப்புழு தாயின் கருவிலேயே குட்டிக்கு வந்துவிடுகிறது. வீட்டில் குழந்தை இருப்பதால் அது உங்கள் மகனின் பிரச்சினையும்கூட. அன்று காலையில் எடுத்த மலத்தில் கொஞ்சம் மூடியுள்ள சிறு டப்பாவில் கொண்டுபோய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை புழு மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். போகும்போதெல்லாம் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புழு மருந்து, உண்ணி மருந்து இரண்டின் அளவும் அந்த எடையைப் பொறுத்ததுதான். இந்த வயதில் போன மாத எடையை வைத்து இந்த மாத மருந்தைக் கொடுக்க முடியாது.